விரல் தூக்கினால் நிற்கும் கை

அக்கா பிறந்தது ஆனைக்குட்டம். அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்த்தான் அக்காவை நர்ஸ் படிக்க வைத்தார்கள். படித்து வந்து நின்ற இடம் தீக்காய வார்டு. வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரு வருடம் தாண்டாத வார்டு அது. அக்கா இருபத்திரண்டு வருடம் இருந்தார். எப்படி இருந்தார்? நினைக்க நினைக்க மலைப்புதான்.

வெந்த புண்ணில் ஒட்டிய கட்டைப் பிரிப்பது, தோலையே பிரிப்பது போல. அக்கா சலைன் ஊற்றி ஊறவிட்டு, "வலிச்சா விரலத் தூக்குங்க, நிறுத்திருவேன்" என்பார். இருபது முறை தூக்கினாலும் இருபது முறையும் நிறுத்துவார்.

அம்மா படுக்கையில் விழுந்த வருடம், வார்டிலும் ஆள் குறைந்தது. இரண்டு பேர் வேலை, பகல் முறையா இரவு முறையா என்று தெரியாத டூட்டி. சிவகாசியில் ஒரு கண் ஆஸ்பத்திரி கூப்பிட்டது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ராஜினாமாக் கடிதம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

கொடுக்கப் போன காலையில், ஆமத்தூர்ப் பெண் ஒருவருக்குக் கட்டு மாற்றினார். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் இரண்டு கையும் வெந்தவர். கால் விரலைத்தான் தூக்குவார். நாளை முதல் வேறு நர்ஸ் வருவார் என்று அக்கா சொல்ல, அவர் கேட்டாராம்:

"அந்தச் சிஸ்டரும் விரலத் தூக்குனா நிறுத்துவாகளா?"

அக்கா கட்டி முடித்துவிட்டு, கடிதத்தோடு தலைமை நர்ஸிடம் போய் அழுதார். அந்த அம்மா அங்கேயே டூட்டி சார்ட்டைத் திருத்தி, அக்காவுக்குக் காலை முறை போட்டார். அக்காவின் மற்ற முறைகளை ஏற்க முன்வந்தவர் திருத்தங்கல் சிஸ்டர். கூடுதலாக ஓர் ஆளும் வந்தார். கடிதம் பையிலேயே கிடந்து நைந்தது.

பின்னொரு நாள் அதைத் தியாகம் என்றேன். அக்கா சிரித்தார்.

"தியாகமாம்லே, தியாகம். டூட்டிய மாத்திக் குடுத்தாக, கூட ஆளு குடுத்தாக, இருந்தேன். இல்லாட்டா அந்தப் பிள்ள கேட்டதக் காதுலயே வாங்காமப் போயிருப்பேன்."

சென்ற ஆண்டு அக்காவே படுத்தார். முதுகில் படுக்கைப் புண். கட்டுப் பிரிக்க வந்தவர் அதே திருத்தங்கல் சிஸ்டர். "விரலத் தூக்குங்கக்கா, நிறுத்திருவேன்" என்றார். பேச்சு நின்று இரண்டு நாளாகியிருந்த அக்கா, விரலைத் தூக்கினார். கை நின்றது. விரல் இறங்க வெகுநேரம் ஆயிற்று. வெளியே யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கை அசையவில்லை.

தோள் கொடுத்த உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அக்காவை அந்த வார்டில் இருக்கவைத்த தலைமை நர்ஸுக்கும் திருத்தங்கல் சிஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

துக்கத்துக்கு வந்து, தழும்பேறிய கைகளால் அக்காவுக்கு மாலை போட்ட ஆமத்தூர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டதற்கு அக்கா அன்று பதில் சொல்லவில்லை. நான் கண்ணால் பார்த்தேன் அம்மா. நிறுத்துகிறார்கள்.