பால்சுறாத் தோலில் ஓர் உறை

ஸ்பெயின் தேசத்து மடக்குக் கத்திக்கு நவாஹா என்று பெயர். அசல் நவாஹாவைத் திறந்தால் சத்தம் கேட்கும். அலகின் அடிப்பகுதியில் பற்கள் வெட்டியிருப்பார்கள். பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை அந்தப் பற்களை அழுத்திக்கொண்டு கிடக்கும், அதுதான் ஸ்பிரிங். அலகை இழுக்க இழுக்க ஒவ்வொரு பல்லாகத் தாண்டும். டக், டக், டக். மூடுவதற்கு மட்டும் ஸ்பிரிங்கில் ஒரு வளையம் உண்டு. அதைத் தூக்கினால் சத்தமில்லாமல் மடங்கிவிடும்.

நான் வைத்திருந்ததில் பெரியதற்கு ஏழு பல். ஆனால் ஏழு சத்தத்தையும் நான் தனித்தனியாகக் கேட்டதே கிடையாது. எனக்கு எதிலும் வேகம். கட்டை விரலால் ஒரே இழுப்பு, 'ட்ர்ர்க்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்தக் கதையில் என்னுடைய குற்றம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் தொடங்குகிறது.

புதுச்சேரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்தில் இந்தக் கத்திகளின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. மற்ற பையன்கள் தபால்தலை சேர்த்தார்கள். நான் கத்தி சேர்த்தேன். முதல் கத்தி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. இரண்டாவதைக் கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர் கொடுத்தார், பாதிப் பிடி உடைந்தது. அதற்கு எருமைக் கொம்பை அரத்தால் ராவிப் புதுப் பிடி போட்டேன். மூன்றாவதுதான் அந்தப் பெரியது, புதுச்சேரிக்குப் பக்கத்தில் பெரிய முதலியார்சாவடியில் கிடைத்தது.

அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் இருந்தார். அல்ஜீரியாவில் ஒரான் பட்டணத்தில் காவல் வேலையில் இருந்தபோது ஒரு ஸ்பெயின்காரனிடமிருந்து வந்த கத்தி என்றார். என் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொடுத்துவிட்டு அதைக் கேட்டேன்.

"யாரு சார் அந்த ஸ்பெயின்காரன்? கசாப்புக்காரனா?"

"இல்லப்பா. முடி வெட்டுறவன். சண்டைன்னு வந்தா இத ஒரே இழுப்புல திறக்க மாட்டான். ஒரு சத்தம். நிப்பான். இன்னொரு சத்தம். மறுபடி நிப்பான். எதிர்ல இருக்கிறவன் எண்ணட்டும்னு விடுவான். ஏழு வர்றதுக்குள்ள பாதிப் பேரு ஓடிடுவாங்க."

"ஓடாதவங்க?"

அவர் கத்தியைத் தரையில் வைத்தார். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, உப்பையும் கொடுப்பதில்லை. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய விரல் அதைவிட்டு விலகும் முன்பே நான் எடுத்துவிட்டேன்.

"இன்னா அவசரம்பா உனக்கு?" என்றார்.

கோடை விடுமுறைக்கு மரக்காணம் வந்தேன். அப்பா உப்பளத்தில் மேற்பார்வை வேலையில் இருந்தார். அளத்தின் ஓரத்திலேயே எங்கள் வீடு. மூன்று பக்கமும் வெள்ளைப் பாத்திகள், நான்காவது பக்கம் உப்பங்கழி. அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. கூடத்தில் புடவையை இரண்டாக மடித்து உத்திரத்தில் ஏணை கட்டியிருந்தார்கள்.

வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். பெரிய நவாஹாவின் ஸ்பிரிங் ரொம்பக் கடினம். அரத்தைப் போட்டு இரண்டு நாள் ராவி இலகுவாக்கினேன். இப்போது ஒரு விரல் பட்டால் போதும், அலகு வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்தது உறை. ஆட்டுத் தோல் எல்லோரும் போடுவது. எனக்கு யாரிடமும் இல்லாத ஓர் உறை வேண்டியிருந்தது.

அது வீட்டு வாசலுக்கே வந்தது. பால் கொடுக்கிறவளுக்குப் பால்சுறாப் புட்டு நல்லது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். குப்பத்திலிருந்து மீன்காரம்மா கூடையில் இரண்டு பால்சுறா கொண்டுவந்தார். வெந்நீர் ஊற்றித் தோலைச் சுரண்டுவதற்கு முன்பு நான் குறுக்கே போய் உட்கார்ந்து பெரியதன் தோலை அப்படியே உரிக்கத் தொடங்கினேன்.

"இன்னா தம்பி, சுறாவுக்குச் சட்டை கழட்டுறியா?" என்றார் மீன்காரம்மா. "மாப்ளை பொடவ எடுத்துத் தர்றாரோ இல்லையோ, தம்பி சுறாத்தோல்ல ரவிக்க தச்சித் தருவாரு பாரு" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பில் பிரசவத் தையல் வலித்தது.

சுறாத் தோல் விசித்திரமானது. தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் பட்டு. வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினால் அரம். அந்த அரத்தை உள்பக்கம் வைத்துத் தைத்தால் கத்தி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், தானாக வெளியே வராது. இந்த யோசனை எந்தப் புத்தகத்திலும் இல்லை, என்னுடையது. தலைகால் புரியவில்லை எனக்கு.

தோலுக்கு உப்பு வைக்க வேண்டும். அளத்தில் வாரிய உப்பை உடனே யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அம்பாரமாகக் குவித்துக் கீற்று போட்டு மூடி மாதக் கணக்கில் விடுவார்கள், அதிலுள்ள கசப்புத் தண்ணீர் இறங்கட்டும் என்று. நான் பாத்தியிலிருந்து அன்றைக்கு வாரிய உப்பையே இரண்டு கை அள்ளி வந்து தோலில் அப்பினேன். நான்காம் நாள் தைத்துவிட்டேன். மெழுகு நூலுக்குப் புதுச்சேரி போக வேண்டும், வீட்டில் இருந்த பருத்தி நூலே போதும் என்று முடிவு செய்தேன். அலகின் முதுகில் பூவேலை தெரிய வேண்டும் என்பதற்காக மேல்பக்கத்தைத் திறப்பாக விட்டேன்.

பிள்ளை பெற்ற இடத்தில் இரும்பு இருக்க வேண்டும். காற்று கருப்பு அண்டாது என்பார்கள். ஏணையின் இரண்டு மடிப்புக்கு நடுவில், கால்மாட்டில், அம்மா பழைய பாக்குவெட்டியைச் செருகி வைத்திருந்தாள்.

"இந்தத் துருப்பிடிச்ச பாக்குவெட்டிக்கு எந்தப் பேய் பயப்படும்? என் கத்திய வைம்மா. ஸ்பெயின் இரும்பு" என்றேன்.

"ஸ்பெயின் பேய்க்கு அது. நம்மூருப் பேய்க்குப் பாக்குவெட்டி போதும்" என்றாள் அம்மா.

அக்காதான் எனக்காகப் பேசினாள். "இருக்கட்டும்மா. ஆசையா செஞ்சிருக்கான். மாமங்காரன் கத்தி காவல் காக்கட்டுமே."

வைத்தோம்.

அளத்தில் காலை பத்து மணிக்கே ஆட்கள் கரையேறிவிடுவார்கள். அதற்கு மேல் கண்ணைத் திறக்க முடியாது. உச்சி வேளையில் வீட்டைச் சுற்றி எதுவும் அசையாது, ஒரு காக்கை கூட இருக்காது. வெள்ளை வெளிச்சம் கூடத்துக் கூரையில் தண்ணீர் மாதிரி நெளியும். அந்த நேரத்தில்தான் அக்கா குழந்தையை ஆட்டிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில்தான் முதல் தடவை கேட்டது.

டக்.

"பல்லி" என்றாள் அம்மா. தரையில் விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினாள். "தெக்கு மூலையில சொல்லுது" என்று எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தில் பலன் பார்த்தாள். பலன் என்ன என்று எங்களிடம் சொல்லவில்லை.

மறுநாளும் கேட்டது, ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நான் ஸ்டூல் போட்டு ஏறி உத்திரம், சாமி படங்களின் பின்பக்கம், ஓட்டு இடுக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்லி இல்லை. முட்டை ஓடுகூட இல்லை.

"நான் ஆட்டும்போதுதான்டா சொல்லுது" என்றாள் அக்கா. "நிறுத்துனா அதுவும் நிறுத்திடுது. எங்கிட்டதான் பேசுது."

"குடு, நான் ஆட்டுறேன்." வேகமாக ஆட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை.

"அவனப் பாத்தா பல்லிக்கே பயம்" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் ஏணையின் கால்மாட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை. அம்மா போட்ட சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. உடம்பெல்லாம் புரட்டிப் பார்த்தோம், ஒரு கீறல் இல்லை. நான் கத்தியை உருவினேன். உறை சொதசொதவென்று ஈரம். அலகெங்கும் செந்நிறத் துரு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் புரிதலில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. புது உப்பிலுள்ள மக்னீசியம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது, ஈரமும் உப்பும் இரும்பைத் தின்கின்றன, அவ்வளவுதான். ஒரு தட்டில் அதே உப்பைப் போட்டு மேலே ஓர் ஆணியை வைத்தேன். மறுநாள் காலை தட்டில் சிவப்புத் தண்ணீர் நின்றது. அம்மா அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ரத்தமும் இப்படித்தான்டா இருக்கும்" என்றாள்.

"அம்மா, இது துரு. சயின்ஸு."

"சரிடா. படிச்சவன் சொல்ற."

நம்பிவிட்டார்கள். நான் அலகைத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் திரும்ப அதே உறையில் செருகினேன். உருவியபோது அலகு மூன்று பல் வெளியே வந்திருந்தது என்பதைக் கவனித்தேன். சரியாக மூடாமல் வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் உச்சி வேளை. நான் பின்பக்கம் உட்கார்ந்து மிச்சத் தோலில் சின்னக் கத்திக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஆட்டுவது கேட்டது, உத்திரத்தில் கயிறு உரசும் சத்தம். இடையிடையே அந்த டக். அம்மா அடுப்படியிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் தரையைத் தட்டினாள். குழந்தை சிணுங்கியது, அக்கா இன்னும் கொஞ்சம் ஆட்டினாள்.

"டேய், உன் துரு மறுபடி வந்திருக்குதுடா" என்று குரல் கொடுத்தாள்.

"துருதானக்கா. தோ வர்றேன், ரெண்டு தையல்."

குழந்தை இப்போது வீறிட்டு அழுதது. கயிறு உரசும் சத்தம் நின்றது. பிறகு அக்கா ரொம்ப மெதுவாகச் சொன்னாள்:

"டேய். இது சூடா இருக்குது."

ஊசி கையோடு ஓடினேன். அவள் ஏணைக்கு அடியில் நின்றிருந்தாள். அவளுடைய பாதத்தின் மேல் ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது.

உறையின் தையல் விட்டிருந்தது. உப்பு நூலை அரித்துவிட்டது. அலகு முழு நீளத்துக்குத் திறந்து, புடவையின் மேல் மடிப்பைக் கிழித்து, குழந்தையின் இடது குதிகாலில் இருந்தது. அப்பா வந்து குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார். கம்பவுண்டர் மூன்று தையல் போட்டார். காய்ச்சல் வந்து நான்கு நாள் நின்று இறங்கியது. அந்த நான்கு நாளும் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை.

ஐந்தாம் நாள் அக்காதான் பேச்சை எடுத்தாள். "அன்னிக்குப் பல்லி ஏழு தடவ சொல்லிச்சு. நான் எண்ணினேன். சும்மா எண்ணினேன்."

நான் கத்தியை எடுத்து வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். மூடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகத் திறந்தேன். டக். நிறுத்தினேன். டக். மூன்றாவது சத்தத்தில் அம்மாவின் கை, அவள் அறியாமலே, தரையைத் தட்டப் போனது. பாதியில் நின்றுவிட்டது. நான் ஏழு வரைக்கும் போகவில்லை.

ஏணை ஒவ்வொரு தடவை ஆடும்போதும் சுறாத் தோல் அலகைப் பிடித்துக்கொண்டிருக்கும், கனமான பிடி மட்டும் சரிந்திருக்கும். நான் ராவி இலகுவாக்கிய ஸ்பிரிங் விட்டுக்கொடுத்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அது உறுதியாகட்டும் என்று அப்போதே மூன்று உறை தைத்து, அதே கத்தியை வைத்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தேன். ஒரு பல் கூடத் தாண்டவில்லை.

கத்தியை எடுத்துக்கொண்டு பெரிய முதலியார்சாவடிக்குப் போனேன். பட்டாளத்துக்காரர் வாசலில் இருந்தார். தரையில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை.

"திறந்துச்சா?"

"திறந்துச்சு சார்."

"எண்ண விட்டுச்சா?"

"விட்டுச்சு. நாங்க பல்லின்னு நெனச்சோம்."

அவர் கத்தியைப் பார்த்தபடியே, "கொழந்த எங்கப்பா ஓடும்?" என்றார். நான் கத்தியை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சேர்ப்பதை நான் விடவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இப்போது நான்கு இருக்கின்றன. உறைகளை நன்றாகப் பதப்படுத்திய ஆட்டுத் தோலில், மெழுகு நூலில் தைக்கிறேன். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது புதிதாகக் கிடைத்த ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். மதியம். அக்கா அடுப்படியில் இருந்தாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அக்கா ஏணை கட்டவே இல்லை. நான் நடைவாசலில் உட்கார்ந்து எண்ணெய் போடக் கத்தியைத் திறந்தேன். ட்ர்ர்க். குழந்தை அசையவில்லை.

வளையத்தைத் தூக்கி மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, ஒரே ஒரு பல் மட்டும் திறந்தேன்.

டக்.

தூக்கத்திலேயே அவள் இடது காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"டேய், என்னடா அது?" அடுப்படியிலிருந்து அக்கா.

"பல்லிக்கா."

அவள் தரையைத் தட்டவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, தூங்குகிற குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.