முபீனா போட்டுப் பார்த்த லேப்டாப்

முபீனா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கம்ப்யூட்டரைப் பின்னாளில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில்தான் கற்றாள். வேறெதுவும் கைக்குப் பழகவில்லை. விளாங்குடியிலிருந்து பஸ்ஸில் போய், உசிலம்பட்டிப் பக்கத்து மகளிர் குழுக்களுக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்து, அங்கிருந்தே நெட்டில் அனுப்பித் தருவது அவள் பிழைப்பு. பழைய லேப்டாப்பின் கனத்தில் தோள் விட்டுப்போயிருந்தது.

புதிது வாங்கப் போன சிம்மக்கல் கடையில், இருப்பதிலேயே லேசான ஒன்றைப் பையில் வைத்துத் தோளில் மாட்டி, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையைத் தூக்கி நின்று பார்த்தாள்.

"எந்த ஸ்டாப்புல எறங்கணும் தங்கச்சி?" என்றார் கடைக்காரர் அழகுபாண்டி.

வெட்கத்தோடு கையை இறக்கினாள். பாரமே தெரியவில்லை. ஆனால் லினக்ஸில் வைஃபை எடுக்காவிட்டால் ஒரு விண்ணப்பமும் போகாது. போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கத் தயங்கினாள். அவர் பில் புத்தகத்தை எடுத்த பிறகுதான் பென்டிரைவை நீட்டினாள்.

"இதுல லினக்ஸ் இருக்குண்ணே. போட்டுப் பாக்கட்டா?"

"வைரஸ் எதுவும் வந்துராதே?"

"உள்ள இருக்கிறதத் தொடாதுண்ணே. இதுல இருந்தே ஓடும்."

பென்டிரைவைச் செருகிப் போட்டதும் லினக்ஸ் திரை வந்தது, வைஃபை வரவில்லை. இரண்டு முறை அணைத்துப் போட்டாள். அப்படியேதான்.

"விண்டோஸ்ல நல்லா எடுக்குது தங்கச்சி. அதையே பழகிக்கயேன்."

தலையாட்டி வாங்கிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அப்படித்தான் அவளுக்குப் பழக்கம்.

"வேணாம்ணே," என்றாள் மெதுவாக. "அந்த அலமாரியில இருக்கிற கறுப்பு லேப்டாப்பையும் போட்டுப் பாக்கணும்."

அவர் முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அது சற்றுக் கனம்தான். ஆனால் வைஃபை வந்தது, அவளுடைய போன் நெட்டோடும் இணைந்துகொண்டது. அப்போதும் அவள் நம்பவில்லை. தனக்கே ஒரு மெயில் அனுப்பி, அது போனில் வந்து சேரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.