கோணக் கழுத்து பனியனுக்கு ஒரு பேரம்

1. முதல் நாள் விற்பனை

தெய்வானை செகண்ட்ஸ் கடை போட்ட முதல் நாளே சரக்கு முழுவதும் பொழுது சாய்வதற்குள் விற்றுத் தீர்ந்தது. துள்ளிக் குதிப்பாள் என்று போய்ப் பார்த்தால், காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள்.

அறுபதுகளின் கடைசியில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குடோன் இன்சார்ஜ். தெய்வானை அங்கே செக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடப்பாள். வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். செக்கிங்கில் கழிக்கும் செகண்ட்ஸ் பனியன்களை, கழுத்து கோணல், சின்ன ஓட்டை, எண்ணெய்க் கறை என்று ஒதுக்குவதை, வியாபாரிகள் லாட்டாக, மொத்தமாக எடுத்துப்போய் விற்பார்கள். தானும் அப்படி ஒரு வியாபாரி ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. முதலாளியிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

"உனக்கு எதுக்கு கண்ணு அலைச்சல்? உக்காந்த எடத்துல சம்பளம் வாங்கிக்க" என்றார் அவர்.

"சம்பளம் வேண்டாமுங்க. சரக்கு வேணுமுங்க."

முதலாளி சிரித்துவிட்டார். "செரி, ஒரு பண்டல் எடுத்துக்க. ஏவாரம் பண்ணிக் காமிச்சீன்னா மாசாமாசம் லாட்டு. இல்லீன்னா மறுபேச்சில்லாம செக்கிங்குக்கு வந்துரோணும்."

சொல்லிவிட்டு மனுஷர் சும்மா இருந்தாரா? "பாவம் அந்தப் புள்ள, ஆளுக்கு ஒண்ணு வாங்கீருங்க" என்று கம்பெனி முழுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். கேட்டுக்கு எதிரே கடை. ஷிப்ட் விட்டதும் கூட்டம் மொய்த்துவிட்டது. எங்கள் கணக்குப்பிள்ளையின் தொப்பைக்கு நாற்பது இஞ்சே இழுத்துப் பிடிக்கும். அவர் இருபத்தெட்டு இஞ்ச் பனியனை விலைகூடக் கேட்காமல் வாங்கிச் சுருட்டிக்கொண்டு போனார். அங்கேதான் தெய்வானைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏனுங்கண்ணா, நான் கடை போட்டேனுங்களா, மொய் வாங்க உக்காந்தேனுங்களா?" என்று என்மேல் பாய்ந்தாள். "இந்த மாசம் மொய் வெச்சாங்க. அடுத்த மாசம் ஆரு வெப்பாங்க? பாவம் பாக்கறவங்க ஒருக்காத்தானுங்க வருவாங்க."

வாஸ்தவம்தானே!

2. ஊத்துக்குளி சந்தை

முதலாளி மகிழ்ந்துபோய் அடுத்த பண்டலையும் கொடுத்தார். "இதைக் கம்பெனிக்காரங்க ஒருத்தருக்கும் விக்க மாட்டேன்" என்று தெய்வானை ஒற்றைக் காலில் நின்றாள். அவளே இப்படிச் சொல்லிச் சிரிப்பாள். நாம் சொன்னால்தான் சங்கடம். லீவு நாளாகப் பார்த்து நான் பண்டலைத் தூக்க, இருவரும் ரயிலேறி ஊத்துக்குளி சந்தைக்குப் போனோம்.

சாக்கை விரித்ததும் முதல் வேலையாகக் கட்டையை அதற்கடியில் தள்ளி மறைத்தாள். மத்தியானம் வரை ஈ காக்கை இல்லை. பிறகு ஒரு அம்மா வந்தார். வெண்ணெய் விற்று முடித்த காலிக் கூடை இடுப்பில். பனியனை எடுத்தார், இழுத்தார், வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"இதென்ன புள்ள, கழுத்து கோணீட்டு நிக்குது?"

"போட்டா நேராயிருமுங்க அம்மிணி. ஒண்ணேகால் ரூவாதானுங்க."

"முக்கால் ரூவான்னா குடு."

"நூல் காசே வராதுங்க!"

"வராட்டி வெச்சுக்க" என்று அந்த அம்மா நடையைக் கட்டினார்.

கிடைத்த ஒரே கிராக்கி. தெய்வானை பதறிப்போய் கட்டையை உருவி ஊன்றி எழுந்து, "அம்மிணி, நில்லுங்க!" என்று கத்தினாள். அந்த அம்மா திரும்பினார். கட்டையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். தொலைந்தது, இவரும் பாவம் பார்த்து முழுக்காசையும் நீட்டப் போகிறார். தெய்வானையின் முகமும் செத்துப்போனது.

அந்த அம்மா திரும்பி வந்தார். "உனக்குக் கால் செரியில்லீன்னா பனியன் கழுத்து நேராயிருமா? மூணு எடுத்துக்கறேன். ரெண்டே கால் ரூவா. அதுக்கு மேல சல்லி பேராது."

தெய்வானை முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் நடந்ததுதான் பேரம். கறையைக் காட்டி அவர் கத்த, சோப்பில் போகும் என்று இவள் கத்த, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் மூன்று ரூபாய்க்கு முடிந்தது. கூடி நின்றவர்களும் ஆளாளுக்குக் குறை சொல்லிக் குறை சொல்லியே பாதி பண்டலை வாங்கிப்போனார்கள். எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது, வெட்கமென்ன.

அடுத்த வாரம் அந்த அம்மா, "சுருங்கிப் போச்சு புள்ள!" என்று ஒரு பனியனோடு சண்டைக்கு வந்தாராம். தெய்வானை மாற்றிக் கொடுத்தாள். வந்த கையோடு அவர் இன்னும் இரண்டு எடுத்துப்போனார். கூடவே அவருடைய நங்கையாளும், அதாவது நாத்தனாரும், வந்திருந்தார்.

3. முதலாளி அறை

நான்காவது லாட் எடுக்க வந்தபோது தெய்வானை முதலாளியிடமே விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றாள். எல்லா வியாபாரிகளிடமும் கத்துவதுபோல் அவர் கத்தினார். கணக்குப்பிள்ளையிடம், "இவளுக்கு ஒரு பைசா கொறைச்சீங்கன்னா பாத்துக்குங்க! என்ன வாய், என்ன வாய்!" என்று குடோன்வரை கேட்டது.

உடம்பில் குறையுள்ள ஒருவர் தொழில் தொடங்க நீங்களும் உதவலாம். சரக்கு வாங்கிக் கொடுங்கள், இடம் பிடித்துக் கொடுங்கள், பண்டல் தூக்குங்கள். அதன்பின் சாக்குக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, மனதாரக் குறை சொல்லிப் பேரம் பேசுங்கள்.

அன்றைக்குத் தெய்வானை அறையிலிருந்து கட்டை டக்டக்கென்று ஒலிக்க வந்தாள். முகமெல்லாம் பல்.

"அண்ணா, மொதலாளி என்னையத் திட்டிப்போட்டாருங்க!"