கடிபட்ட நிலவுகள்

என் வீட்டுக்காரர் ஜொகூர் பாருவில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நடத்திய போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தார். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தாடையில் தொங்கும் சதை எல்லாம் அவர் கை பட்டால் போய்விடும். நெகட்டிவ் விழுந்த கண்ணாடித் தகட்டில், வெளுக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் மெல்ல நிரப்புவார். அவ்வளவுதான். படத்தில் அந்த இடம் வெளுத்து, ஆளுக்கு வயது குறைந்துவிடும்.

கடையில் நன்றாக விற்ற தபால் அட்டை ஒன்றில் நீரிணைக்கு மேல் பெரிய முழுநிலா இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். அவர் சிரித்தார். பட்டப்பகலில் எடுத்த படமாம் அது. தகட்டில் ஒரு செம்புக் காசை வைத்து வட்டம் கீறி, உள்ளே மையைப் பூசினால் அதுதான் நிலா. நிஜ நிலாவை எடுத்தால் மிளகளவுதான் விழும், அதை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது சந்திர கிரகணம் வந்தது. பொழுது சாயும்போதே நிலா கிரகணம் பிடித்தபடி எழும் என்றார்கள். கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளை மூளியாகப் பிறக்கும் என்பது எங்களுக்குச் சிறுவயதிலேயே ஊட்டிவிட்ட பயம். அவருடைய அக்கா எங்களோடு இருந்தார். புருஷனை இழந்து கப்பலேறி வந்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்களுடையது பலகை வீடு. பலகைக்குப் பலகை இடுக்கு, நிலா வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழும். இடுக்கே இல்லாத அறை ஒன்றுதான் இருந்தது: அவர் படம் கழுவுகிற இருட்டறை. சுவர் முழுக்கக் கறுப்புத் துணி அடித்திருந்தது. அண்ணி யோசிக்கவே இல்லை. என்னை அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

என் வீட்டுக்காரருக்கோ அன்று வேறு கிறுக்கு. காசை வைத்து வரையாத நிலா ஒன்றாவது எடுக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தவுக்கேயின் பெரிய கேமராவை இரவல் வாங்கிக் கொல்லையில் நிறுத்தி, ஒரே தகட்டில் இடைவெளி விட்டு நிலாவைப் பலமுறை பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மருந்து நாற்றம், புழுக்கம். வெளியே சீனக் கடைகளில் தகரத்தைத் தட்டினார்கள். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பள்ளிவாசலில் முரசு அடித்தது. வயிற்றில் பிள்ளை புரண்டது. இத்தனை பேர் சத்தம் போட்டு விரட்டுகிற ஒன்று லேசுப்பட்டதாக இருக்காது என்று பட்டது.

சத்தம் அடங்குமுன் கதவு திறந்து மூடியது. அவர்தான். இந்த ஊர் வெக்கையில் மருந்துத் தண்ணீரை ஐஸ் வைத்துக் குளிர்விக்காவிட்டால் தகட்டின் மேல்பூச்சு இளகி வழிந்துவிடும். வாங்கி வைத்த ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, காத்திருக்க முடியாது என்றார். சிவப்பு விளக்கை ஏற்றி, தகட்டை மருந்தில் போட்டு ஆட்டினார். பிறகு சந்தோஷம் தாங்காமல் அதைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாரு, வந்துடுச்சு."

பார்த்தேன். கண்ணை மூடத் தோன்றவில்லை. மிளகு மிளகாகக் கறுப்புப் பொட்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை யாரோ கடித்து எடுத்திருந்தார்கள்.

கதவுக்கு வெளியே நின்ற அண்ணிக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"வெளிய இருந்த கிரகணத்த வீட்டுக்குள்ள கொண்டாந்து காட்டிட்டியேடா," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

அதன்பிறகு அண்ணி என் வயிற்றையே பார்ப்பார், நான் நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்காரர் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அதே நிலா வரிசை, ஆனால் எல்லாம் முழு வட்டம். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கடிபட்ட இடங்களையெல்லாம் தகட்டிலேயே பென்சிலால் நிரப்பியிருக்கிறார். நீ பார்த்தது இதுதான் என்று நினைத்துக்கொள் என்றார். என் பயம் அன்றுதான் முற்றியது. நம்பாத மனிதர் இவ்வளவு பாடுபட்டு எதை மூடுகிறார்?

பையன் மேலுதடு பிளந்து பிறந்தான்.

நிலாதான் செய்தது என்று அண்ணி நம்பினார். அப்படியெல்லாம் இல்லை, எந்த வீட்டிலும் இப்படிப் பிறக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நிலாவின் மேல் கோபமில்லை. பிள்ளை பார்க்க வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு உடனே என்னை ஒரு பார்வை பார்த்தார்களே, அதை இன்றும் மன்னிக்க மாட்டேன். அவனால் சப்பிக் குடிக்க முடியாது. பாலாடையால் சொட்டுச் சொட்டாக ஊட்டுவேன், பாதி மூக்கில் வரும். ஆனாலும் சிரிப்பான். சிரித்தால் பிளவு விரிந்து ஈறு தெரியும். அவ்வளவு அழகு நான் எங்கும் பார்த்ததில்லை.

ஊருக்கு அனுப்ப அவர் அவனை ஒரு படம் எடுத்தார். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு பையன் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். உதடு ஒழுங்காக மூடியிருந்தது. வந்தவர்களெல்லாம் என்ன லட்சணம் என்றார்கள். எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. நாளாக ஆக, என் மகனை நினைத்தால் சுவரில் இருந்தவன்தான் முந்திக்கொண்டு வந்தான். இப்படியே விட்டால் நிஜ முகம் எனக்கே மறந்துவிடும் என்று கிலி பிடித்தது.

ஒரு காலை, அவர் கடைக்குப் போனபின், பெட்டியிலிருந்து அவன் தகட்டைத் தேடி எடுத்தேன். பென்சில் பிசகினால் அவர் டர்ப்பன்டைன் தோய்த்த பஞ்சால் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். உதட்டின் மேல் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. வெயில் பட்டாலே படம் ஏறுகிற தாள் ஒன்று உண்டு. அதைத் தகட்டோடு சேர்த்து இறுக்கி முற்றத்து வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில், பிளந்த உதட்டோடு என் பிள்ளை வந்தான். வாய்விட்டு அழுதேன்.

ஆனால் அந்தத் தாளை மருந்தில் போட்டு நிலைநிறுத்தாவிட்டால், வெளிச்சம் படப் பட முழுக்கக் கறுத்துவிடும். அந்த மருந்தைக் கலக்க எனக்குத் தெரியாது. முந்தானையில் மறைத்து வைத்துக்கொண்டு, திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் இருண்டிருந்தான்.

மத்தியானச் சோற்றுக்கு வந்தவர் மேசைமேல் தகட்டையும் பஞ்சையும் பார்த்தார்.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சது நீங்க. நான் தொடைச்சுத்தான் எடுத்தேன்."

தாளை நீட்டினேன். வாங்கியவர் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அவர் கையிலேயே அவன் கறுத்துவிடுவானோ என்று பதறினேன். பிறகு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அண்ணி அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

அவர் வெளியே வந்தபோது படம் ஈரமாக, பழுப்பாக, அப்படியே நின்றிருந்தது. சுவரில் இருந்ததை அவரே கழற்றினார். சோற்றைத் தொடாமல், நிலாத் தகட்டைத் தேடி எடுத்துவந்து என்னிடம் பஞ்சு கேட்டார். துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கடிபட்ட இடங்கள் அப்படியே இருந்தன. இந்தத் தடவை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம்.