கிட்டடி நாடு

அகதியாகப் போவதற்கு ஒரு நாட்டைத் தெரிவுசெய்வதென்றால் ஏதோ உலகப் படத்தை விரித்து வைத்து யோசிக்கிற காரியம் என்று நினைக்கலாம். சண்டிலிப்பாயில் அது கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கப் போவது மாதிரித்தான் நடக்கும். சொந்தக்காரர் எல்லோரும் கூட வருவார்கள், ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள், உடுக்கப்போகிற பிள்ளையை மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். தவமலரின் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

சண்டை முடிந்து மூன்றாம் வருடம் அது. தவமலரும் புருசன் செல்வரட்ணமும் வெங்காயமும் மிளகாயும் பயிர்செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்கள். மூத்தவன் செந்தூரன் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். இளையவள் வினோஜா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கார்த்திகையில் சண்டையில் செத்துப்போனவர்களை நினைத்துத் தடையை மீறிச் சில பெடியள் சேர்ந்து விளக்குக் கொளுத்தினார்கள். அதில் செந்தூரனும் நின்றான், செல்வரட்ணத்தின் தம்பி மகன் பிரகாஸும் நின்றான். கொஞ்ச நாளில் அந்தப் பெடியளில் ஒருவனை ஆரோ வழியில் மறித்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதன்பிறகு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். திருத்துவதற்குப் போன் ஒன்றும் கொண்டுவரவில்லை. செந்தூரன் எத்தனை மணிக்குக் கடை பூட்டுவான், எந்த ஒழுங்கையால் வீட்டுக்குப் போவான் என்று பக்கத்துக் கடைக்காரனிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பெடியனை அனுப்பத்தான் வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கதை இல்லை. எங்கே என்பதில்தான் இழுபறி. லண்டனில் இருந்த மச்சாள் போன் எடுத்து, லண்டன் முந்தி மாதிரி இல்லை, பிரான்சில்தான் இப்போது அகதிக் கேஸ் ஏற்கிறார்கள் என்றாள். பிரான்சில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணன், பிரான்சுக்கு மட்டும் அனுப்பிவிடாதே, சுவிஸ்தான் திறம் என்றார். சுவிசில் இருந்தவர் போனே எடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்தவன் குடியிருக்கிற நாடுதான் சொர்க்கமாகத் தெரிந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வந்து இறங்குகிறவன் முதலில் படுப்பது அவர்கள் வீட்டு ஹோலில்தானே.

ஒளிவுமறைவில்லாமல் கதைத்தது கனடாவில் இருந்த தவமலரின் தம்பி பொன்னம்பலம் ஒருவர்தான். பெடியனை அனுப்பு அக்கா, ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு கதைத்துவிட்டேன், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றார். பிரகாஸையும் சேர்த்தே கூப்பிட்டார். பிரகாஸின் தாய் அன்றைக்கே சம்மதித்தாள். தவமலருக்கு மனம் ஒப்பவில்லை. ஏஜென்சிக்காரன் சொன்ன பாதை அப்படி. முதலில் ஆபிரிக்கா, பிறகு பெயர் வாயில் நுழையாத நாடுகள், பிறகு காடு, பிறகு ஆறு. எத்தனை மாதம் என்று கேட்டால் சிரித்தான். வழியில் ஏதும் நடந்தால் ஆர் வந்து சொல்வார்கள் என்று கேட்டாள். அதற்கும் சிரித்தான்.

அவளுடைய மனதில் இருந்தது இந்தியா. மன்னார்ப் பக்கம் ஒரு வள்ளக்காரனைப் பிடித்தால் ஒரு பொழுதுக்குள் அங்கால் கொண்டுபோய் விடுவான். அதே பாசை, அதே சோறு, அதே பிள்ளையார். வீட்டு ரீவியில் நாள் முழுக்க ஓடுவதும் அந்த நாட்டுக் கதைதான். மாதகல் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் பிள்ளை அந்தப் பக்கம் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளலாம். கனடாவை நினைக்க எந்தத் திசையைப் பார்ப்பது? அது அவளுக்கு வெறும் சொல். வெள்ளை வெளேரென்று பனி கொட்டுகிற ஒரு போட்டோ.

செல்வரட்ணம் இரண்டு பக்கமும் ஆடினார். காலையில் கனடா என்பார், பின்னேரம் இந்தியா என்பார். கடைசியில், நாங்கள் அடிபட்டு என்ன செய்ய, பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார்.

பூக்கட்டுவது என்பது இந்தப் பக்கத்தில் மனிதர் முடிவெடுக்க முடியாதபோது கடவுளின் தலையில் கட்டிவிடுகிற வேலை. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டிச் சுவாமியின் காலடியில் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுப்பார்கள். கலியாணம், காணி, ஒப்பரேஷன், எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். கேட்டது கேட்டதுதான், அதே காரியத்துக்கு இரண்டாம் தரம் கட்டக்கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவும் கூடாது, அப்படியே கோயில் கேணியில் போட்டுவிடவேண்டும்.

வெள்ளை வந்தால் இந்தியா, சிவப்பு வந்தால் கனடா என்று பேசிக்கொண்டார்கள். நான் கட்டுகிறேன் என்று தவமலர்தான் கோயில் வீதியின் பின்பக்கம் போனாள். அங்கே வெள்ளை நந்தியாவட்டையும் சிவப்புச் செவ்வரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முதல் பொட்டலத்தில் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினாள். இரண்டாவதுக்குச் செவ்வரத்தையைப் பிடுங்கக் கையை நீட்டினாள். கை போகவில்லை. பிள்ளையாருக்குப் பயமில்லாமல் இல்லை. அதைவிடப் பெரிய பயம் பிள்ளையைப் பற்றியது. இன்னொரு நந்தியாவட்டையைப் பிடுங்கி வைத்து நாரால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

ஐயர் தீபம் காட்டித் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். போகிறவனே எடுக்கட்டும் என்றார் செல்வரட்ணம். செந்தூரன் ஒன்றை எடுத்துப் பிரித்தான். வெள்ளை. செல்வரட்ணம் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கும்பிட்டார். மனிதருக்கு அன்றைக்கு வந்த ஆறுதல் சாகும்வரை போகவில்லை. மற்றப் பொட்டலத்தைக் கேணியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று செந்தூரன் போனான். வரக் கொஞ்சம் பிந்தியது.

வீட்டுக்கு வந்து, தகப்பன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனபிறகு, அவன் குசினிக்குள் வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்தான்.

"அம்மா, மற்றதுக்குள்ளையும் வெள்ளைதான் இருந்தது."

தவமலர் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டாள். "கனடா கனக்கத் தூரமடா. உன்னை ஒருக்கா வந்து பாக்கக்கூட ஏலாது," என்றாள்.

அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவள் அழுது, மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே தம்பிக்குப் போன் எடுத்துமிருப்பாள். அவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. நான் இந்தியாவுக்கே போறன். எனக்கும் காடுமேடெல்லாம் போகப் பயமாத்தான் இருக்கு."

வள்ளத்தில் போய் இறங்கினவனை இந்தியாவில் அகதியாகப் பதிந்து ஒரு முகாமில் விட்டார்கள். முதல் வருடம் தவமலரைப் போலச் சந்தோசமான தாய் ஊரில் இல்லை. தினமும் போனில் குரல் கேட்டாள். சாப்பிட்டானா, என்ன கறி, அங்கேயும் மழையா என்று கேட்டு வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தாள். அதே நேரம் பிரகாஸ் எங்கே இருக்கிறான் என்று எவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் மறியலில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கதை வந்தது, காட்டில் காய்ச்சல் என்று இன்னொரு கதை வந்தது. பிரகாஸின் தாய் உருகி ஓடாய்ப் போனாள். தவமலர் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள், ஆறுதல் சொன்னாள், திரும்பி வரும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டாள். பாவம், பெருமைப்படக் கிடைத்தது அந்த ஒரு வருடந்தான்.

பிரகாஸ் எலும்பும் தோலுமாய்க் கனடா போய்ச் சேர்ந்தான். கேஸ் கொடுத்தான். விசாரித்தார்கள், ஏற்றார்கள். பெயர் போட்ட ஒரு கனடாப் பாஸ்போட் கையில் கிடைத்தது, அதோடு உலகம் அவனுக்குத் திறந்தது. சில வருடங்களில் கோயில் திருவிழாவுக்கென்று வந்து இறங்கினான். கனடாக்காரனை ஒருவரும் மறிக்கவில்லை, பிறகு அடிக்கடி வந்தான். அரைக்காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வீதியெல்லாம் திரிந்தான். வருகிறபோதெல்லாம் பெரியம்மாவுக்குச் சொக்லேட் கொண்டுவருவான். தவமலர் அதை வாங்கி அலுமாரிக்குள் வைப்பாள், திறந்து பார்ப்பதில்லை.

செந்தூரன் வரவில்லை. முகாமிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளையைக் கட்டினான், ஒரு மகள் பிறந்தாள். தவமலரும் செல்வரட்ணமும் கோயில் பார்க்கப் போவதாக விசா எடுத்துப் பலாலியில் பிளேன் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். ஏறி இருந்து மூச்சு விடுவதற்குள் இறக்கிவிட்டான். அவ்வளவு கிட்ட. முகாமில் ஒரு அறைக்குள் அடுப்பு, படுக்கை, பிள்ளையின் தொட்டில் எல்லாம். போன் திருத்தின கை பெயின்ட் வாளி தூக்கி நகமெல்லாம் வெள்ளையாய் இருந்தது. முகாம் பதிவுக்குக் கையெழுத்துப் போடுகிற நாளில் அவன் எங்கும் போகக்கூடாது. பேத்தி எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்டால் அங்கேயும் பதில் இல்லை, இங்கேயும் பதில் இல்லை. ஒருக்கா வந்து போவன் மோனை என்று தகப்பன் கேட்டார். கள்ளமாகக் கடல் தாண்டினவன் வந்தால் இங்கே பிடிப்பார்கள், பழைய விசாரணையும் இருக்கிறது, தப்பினாலும் மறுபடி இந்தியாவுக்குள் விடமாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தச் சிரிப்பைத் தவமலரால் பார்க்க முடியவில்லை. செல்வரட்ணமோ, என்ன செய்யிறது, பிள்ளையார் காட்டின வழி என்றார். அந்தச் சொல் அவளுடைய நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

செல்வரட்ணம் போன ஆடியில் தோட்டத்தில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிந்துவிட்டார். பிரகாஸ் அப்போது திருவிழாவுக்கு வந்து நின்றான். பெற்ற மகன் இல்லாத இடத்தில் பெறாமகன்தானே நிற்கவேண்டும். அவன்தான் தோளில் குடம் வைத்துச் சுற்றினான், அவன்தான் கொள்ளி வைத்தான். உலகத்தின் அந்தக் கரையில் இருந்து வந்தவன் கொள்ளி வைக்க, கூப்பிடு தூரத்தில் இருந்த பிள்ளை அதைப் போனில் பார்த்துக்கொண்டு இருந்தான். சுடலையில் ஆரோ பிடித்திருந்த போனுக்குள் இருந்து, அப்பா, அப்பா என்ற சத்தம் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் வழக்கப்படி பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தவமலர் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு வீட்டை இரண்டு தரம் தட்டவேண்டுமா என்று விதியைக் கேட்கத் தோன்றுகிறது. வினோஜா படித்து, ஆமி பிடித்து வைத்திருக்கிற காணிகளை மீட்க அலைகிற சனத்தோடு வேலை செய்தாள். கூட்டங்களில் மேடையில் பேசவும் செய்தாள். பொலிஸ்காரர் கொழும்புக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். போனாள். மறுபடி கூப்பிட்டார்கள். அந்தமுறை காணியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, அண்ணனைப் பற்றியும் தாய் தனியாக இருக்கிற நேரங்களைப் பற்றியும்தான் கேட்டார்கள். அவளோடு வேலை செய்த ஒரு பெடியனை ஒருநாள் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜெனீவாவில் ஒரு மனித உரிமைக் கூட்டத்துக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது, விசாவும் கிடைத்திருந்தது. போனால் அங்கேயே நின்று அடைக்கலம் கேட்கலாம் என்று கூட்டாளிகள் சொன்னார்கள்.

ஒரு காலைநேரம் தவமலர் முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தாள். வினோஜா வந்து பக்கத்தில் குந்தி, தான் சுவிசுக்குப் போகவில்லை, இந்தியாவுக்கே போகப்போவதாகச் சொன்னாள். அண்ணனும் அங்கே இருக்கிறான், அம்மாவும் நினைத்த நேரம் பலாலியில் ஏறி வந்து பார்க்கலாம், வயது போன நேரத்தில் தனியே விட்டுவிட்டு எட்டப் போக மனம் வரவில்லை என்றாள்.

ஒரு கணம் தவமலருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அதை மறைத்து என்ன பயன், ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒரே பக்கம், தான் வருடத்தில் ஒரு தரம் போய் அவர்களுக்குச் சமைத்துப் போடுவது, பேத்தியின் தலையை இழுத்துப் பின்னுவது எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. முருங்கையிலையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"இந்தியா வேண்டாம்," என்றாள் பிறகு.

"சுவிசிலை கேஸ் குடுத்தால் எத்தினை வருசத்துக்கு வரேலாதெண்டு ஒருத்தருக்கும் தெரியாதம்மா. அதுக்குள்ளை உங்களுக்கு ஏதும் எண்டால்..."

"கொண்ணையை இந்தியாவுக்கு அனுப்பினது பிள்ளையார் இல்லையடி. நான். ரெண்டு பொட்டலத்துக்குள்ளையும் வெள்ளைப் பூவை வைச்சுக் கட்டினனான். கிட்ட இருக்கட்டுமெண்டு ஆசைப்பட்டன். கடைசியிலை கொப்பரின்ரை முகத்தையே அவன் நேரிலை பாக்கேல்லை."

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று வினோஜா கேட்கவில்லை. முற்றத்தில் காகம் ஒன்று வந்து இலைக்காம்பைக் கொத்தியது, தவமலர் அதைக் கலைத்தாள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவளுக்குக் கனகாலமாக இருந்தது, போன முறை கிளினிக்கில் டொக்டர் சொன்னது நினைவிருந்தது. தனக்கு இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லைச் சொன்னாள்.

"நீ எட்டப் போ பிள்ளை. என்ரை செத்தவீட்டுக்கு நீ வராட்டிலும் பறவாயில்லை. என்ரை திவசத்துக்கு எண்டாலும் நீ வந்து போகக்கூடிய நாடாப் பாத்துப் போ."

வினோஜா தாயின் மடியில் தலையை வைத்து வெகுநேரம் கிடந்தாள். பிறகு எழும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஜெனீவாக் கூட்டத்துக்கு வருவதாகப் போனில் எழுதி அனுப்பினாள். தவமலர் அவள் அனுப்பி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு, அந்த ஊரில் இப்போது எவ்வளவு குளிர் இருக்கும் என்று கேட்டாள்.