நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமாம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். மாட்டுத் தரகர் வீராச்சாமி எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"மூணு ஊருச் சந்தைக்குக் கெளம்பினேன். மூணு தடவையும் ஒங்க வீட்டுப் பாக்கியம் வெறுங்கொடத்தோட எதுக்க வருது. நான் பொழைக்கிறதா, வேணாமா?"

எனக்குத் திக்கென்றது. பாக்கியம் என் ஓரகத்தி — கொழுந்தனாரின் மனைவி. வெறுங்குடத்தோடு எதிரே வந்ததற்காகத் தலைமுறைப் பகையே வளர்ந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு.

ஆனால் அவள் குடம் எடுத்தது தண்ணீருக்காக இல்லையே... அதை எப்படிச் சொல்வது?

கொஞ்ச நாளாகவே அவளுக்கு அடுக்களையிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் மூச்சு இரைத்தது, நெஞ்சு படபடத்தது. வயது நாற்பத்தைந்துதான். வண்டி கட்டி, புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். கொழுந்தனார் பெருமையாகச் சொன்னார்:

"ஒரு வேலையும் பாக்க விடுறதில்லீங்க. கந்தர்வக்கோட்டையில மில்லு வந்ததுலேருந்து நெல்லுகூடக் குத்துறதில்ல. தண்ணி எடுக்க ஆளு. ராணி மாதிரி வச்சிருக்கேன்."

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நாடி பார்த்தார். "அப்படி வச்சுத்தான் இந்த நெலமைக்குக் கொண்டாந்திருக்கீங்க" என்றார்.

எனக்கு அதிர்ச்சிதான். நெஞ்சுப் படபடப்பு என்றால் கட்டிலில் படுக்க வைப்பதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம்?

இருதயமும் ஒரு தசைதானாம். வேலை கொடுத்தால் பலப்படும். சும்மா வைத்தால் சோர்ந்துவிடும்; அப்புறம் நாலு எட்டு வைத்தாலே அடித்துக்கொள்ளும். மூச்சும் அப்படித்தானாம் — தினமும் கொஞ்சம் வேலை கொடுத்தால்தான் நுரையீரல் நன்றாக விரிந்து பழகும்.

"இன்னும் நோய்னு ஒண்ணும் முத்தல. இப்படியே ஒக்காந்திருந்தா முத்திடும். காலையில அரை மணி நேரம் நடங்க. மொதல்ல மெதுவா."

நடக்கலாம். எங்கே? ஆண்பிள்ளை காலாற நடந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பெண்பிள்ளை காரணமில்லாமல் தெருவில் போனால் — புருஷனோடு சண்டை என்பார்கள். அதனால்தான் பாக்கியம் இடுப்பில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனாள்.

இவ்வளவையும் வீராச்சாமியிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "இனிமே வராதுங்க" என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் பாக்கியம் என்ன செய்தாள் தெரியுமா? குடம் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். நிறைகுடம் நல்ல சகுனமாயிற்றே...

எதிர்வீட்டு மூக்காயி விடவில்லை. "ஏண்டி, கம்மாய்க்கு நீதான் தண்ணி ஊத்துறியா?"

பாதி வழியில் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டாளாம். புடவை நனைந்து, உதடு வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

"இனிமே நடக்கலக்கா. படுத்தே கெடந்து போயிடுறேன். வெக்கமா இருக்கு."

வெட்கம் எனக்குத் தெரியாததா? இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் வாயாடுகிறேனே தவிர, தெருவில் நாலு பேர் நின்றால் சந்து வழியாகப் போகிறவள் நான். ஆனால் வெட்கத்துக்காக ஒருத்தி உயிரை விடுவதா?

ரெண்டு நாள் அவளை ஓய்வாக இருக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் நானும் கிளம்பினேன். கையில் குடமில்லை, கூடையில்லை. இரண்டு பேரும் வெறும் கையை வீசிக்கொண்டு போனோம்.

முக்கு திரும்பினால்... வீராச்சாமி. கூட இன்னும் மூன்று பேர்.

"எங்கிட்டு ஆத்தா, காலங்காத்தால ரெண்டு பேரும்?"

பாக்கியம் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எங்கிட்டும் இல்லீங்க. சும்மா நடக்குறோம். இவ இருதயத்துக்கு நல்லதாம்."

"சும்மாவா?"

"சும்மாதாங்க."

நாலு பேரும் ஒதுங்கி வழி விட்டார்கள். நாங்கள் திரும்பி வரும்போதும் அங்கேயேதான் நின்றார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. முதலில் கோயில்வரை, பிறகு களத்துமேடுவரை. நேற்று கண்மாய்க் கரை ஏறி இறங்கும்வரை பாக்கியம் எங்கேயும் நிற்கவில்லை. மூச்சு இரைக்காமல், தன் புருஷனைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

எனக்குக் கொழுந்தன்தான். ஆனாலும் நான் குறுக்கே பேசவில்லை — அவ்வளவு நிம்மதி!