ஃபாபியர்களின் கதை எழுதிய பவானி

செய்தி வந்தபோது என் கையில் மதியச் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. டுசல்டோர்ஃபில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு அம்மாளின் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் அழைத்தவர் பீலெஃபெல்டில் பவானியோடு படிப்பித்த ஜெர்மன் ஆசிரியை. "முதலில் எங்காவது உட்காருங்கள்" என்றார். அப்போதே விளங்கிவிட்டது. வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பவானி விழுந்திருக்கிறாள். அம்புலன்ஸ் வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது. நான் தட்டை அந்த அம்மாளிடம் கொண்டுபோய் வைத்து, இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டியும் கொடுத்தேன். பிறகுதான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நானும் என் கணவரும் நடத்தும் இந்தச் சிறு சஞ்சிகையை வாசிக்கும் உங்களுக்கு அவளைத் தெரியும். உரோமாபுரியின் ஃபாபியர் குடும்பத்தைப் பற்றி மாதாமாதம் எழுதிவந்த இ. பவானி அவள்தான். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு வரவில்லை. இருபது வயதில் ஒரே அறையில் படுத்து எழும்பியவளை நான் எப்படி 'அவர்' என்பேன்?

எண்பதுகளில், நாங்கள் இருவரும் ஒரே அகதி விடுதியில் இருந்தோம். மாலையில் ஜெர்மன் வகுப்பு. இலக்கணத்தில் வேற்றுமைகள் வந்தவுடன் எங்களில் பாதிப் பேர் கொப்பியை மூடிவிட்டோம். பவானி மட்டும் சிரித்தாள். ஊரில் பல்கலைக்கழகத்தில் இலத்தீனும் உரோம வரலாறும் படிக்கத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டு ஓடிவந்தவள் அவள். "எங்களிட்டை எட்டு வேற்றுமை இருக்கு. இவையிட்டை நாலுதான். பயப்பிடாதையும்" என்றாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஜெர்மன் படித்தேன்.

பிறகு அவள் இங்கே மறுபடி பல்கலைக்கழகம் போனாள். இலத்தீன் ஆசிரியையாகி பீலெஃபெல்டில் வேலை பெற்றாள். ஜெர்மன் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துப் பெண் இலத்தீன் படிப்பிப்பதைக் கேட்டவர்கள் வியந்தார்கள். "இலத்தீனைத் தாய்மொழியாப் பேசுற ஒருத்தரும் உயிரோடை இல்லை. அதாலை என்ரை உச்சரிப்பைத் திருத்த ஒருத்தராலும் ஏலாது" என்பாள். கல்யாணம் செய்யவில்லை. ஊரிலிருந்த அண்ணனின் பிள்ளைகள்தான் தன் பிள்ளைகள் என்பாள். வயலை விற்று அவளை இங்கே அனுப்பிய அண்ணன்.

எங்கள் சஞ்சிகைக்கு எழுதச் சொல்லி நான் கேட்டபோது அவள் சீசர்களைத் தொடவில்லை. "ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிறன்" என்றாள். ஃபாபியர் குடும்பம் உரோமின் மிகப் பழைய உயர்குடிகளில் ஒன்று. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு ஆட்சித் தலைவர்களில் ஒருவர், பல ஆண்டுகள் தொடர்ந்து அந்த வீட்டிலிருந்தே வந்தார். முதலில் சனங்கள் அவர்களை வெறுத்தார்கள். பிறகு ஒரு போரில் காயப்பட்ட சாதாரணப் படையாட்களைத் தங்கள் வீடுகளில் படுக்க வைத்து, மருந்து கட்டிப் பார்த்தார்கள்; சனம் அவர்கள் பக்கம் திரும்பியது. பவானி அந்த அத்தியாயத்தை எழுதியபோது, சண்டையையும் செனட் சபைப் பேச்சையும் சில வரிகளில் முடித்துவிட்டு, ஒரு பணக்கார வீட்டின் முற்றத்தில் ஏழைப் படைவீரன் பாயில் கிடப்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள்.

சென்ற குளிர்காலத்தில் டுசல்டோர்ஃபில் வாசகர் கூட்டம் வைத்தோம். வன்னியில் போர் இறுகி, சனம் கடற்கரையை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்த நேரம். கேட்டால் அழுகை வரும் என்று ஒருவரையொருவர் நலம் விசாரிக்காமலே வந்து அமர்ந்திருந்தோம். ஒரு வயதான அண்ணை எழுந்தார்.

"தங்கச்சி, அங்கை எங்கடை சனம் செத்துக்கொண்டிருக்கு. நீங்கள் உரோமாபுரிக் கதை எழுதிறியள். இது என்னத்துக்கு?"

"நீங்கள் கேக்கிறது சரி அண்ணை" என்றாள் பவானி. "அடுத்த அத்தியாயத்தைச் சொல்லட்டோ? ஃபாபியர் குடும்பம் பக்கத்து ஊரோடை இருந்த போரைத் தாங்களே தனிச்சுச் செய்யிறம் எண்டு சபையிலை சொல்லிச்சுது. அந்த வீட்டு ஆம்பிளையள் முழுப்பேரும் படலையாலை வெளிக்கிட்டினம். ஊரே பின்னாலை போய் ஆரவாரிச்சு வழியனுப்பினது. கிரெமெரா எண்ட ஆத்தங்கரையிலை எல்லாரும் செத்துப்போச்சினம். எனக்கு ஆரவாரிச்ச அந்தச் சனத்தின்ரை சத்தம் கேக்குது அண்ணை. அதுதான் எழுதிறன்."

அந்த அண்ணை மெதுவாக வந்து அவள் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். தன் மகனும் அங்கே நிற்கிறான் என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கூட்டம் முடியும்வரை அவர் அவள் கையை விடவில்லை.

பவானியின் அம்மாவும் அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் அந்தக் கடற்கரையில்தான் இருந்தார்கள். சித்திரையோடு தொலைபேசி நின்றது. எல்லாம் முடிந்து சில வாரங்களின் பின், முகாமிலிருந்து ஒருவர் எப்படியோ அவள் இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தார். பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவராம். ஒரே செல் குண்டு. ஒரே குழி. ஒருவரும் மிஞ்சவில்லை.

அன்றே ரயிலேறிப் போனேன். அவள் குசினி மேசையில் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை குடுக்கவேணும்" என்றாள். நான் சோறு சமைத்தேன். அவள் சாப்பிட்டாள். அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

கோடை விடுமுறையில் மறுபடி போனபோதுதான் வாய் திறந்தாள். ஆற்றங்கரை அத்தியாயத்தை எழுதி முடித்திருந்தாள். அதற்கு மேல் போக முடியவில்லை என்றாள்.

"கதையிலை ஒரு ஆள் மிஞ்சுறான். சின்னப் பிள்ளை எண்டபடியால் அவனைச் சண்டைக்குக் கூட்டிப்போகாமல் வீட்டிலை விட்டிட்டுப் போனவை எண்டு எழுதி வைச்சிருக்கினம். அவனாலைதான் அந்த வமிசம் தழைச்சதாம்."

"அதை எழுதுமன். அதிலை ஒரு ஆறுதல் இருக்குத்தானே" என்றேன்.

"அது பொய். பத்து வருசத்திலை அவன் ஆட்சித் தலைவன் ஆயிட்டான். குழந்தையா இருந்திருக்கேலாது." பேனையை மூடி வைத்தாள். "அவன் வளந்தவன். வளந்தவன் ஏன் போகேல்லை, ஏன் தப்பினவன் எண்டு சொல்ல வெக்கப்பட்டுத்தான் அவனைக் குழந்தை ஆக்கிப்போட்டினம். நான் குழந்தை இல்லை. எனக்கு ஆர் அப்பிடி எழுதித் தாறது?"

எழுந்து போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். அப்போதுதான் அவள் அழுதாள். அந்தச் சத்தம் ஒரு மனுசியின் சத்தமாக இல்லை. கீழ்வீட்டு ஜெர்மன்காரர் மேலே வந்து மணி அடித்தார். கதவைத் திறந்தபோது, உதவி ஏதும் வேண்டுமா என்றுதான் கேட்டார்.

அதன்பின் அவள் மெலிந்துகொண்டே போனாள். மருத்துவரிடம் போகச் சொன்னால் நாள் குறித்து Termin எடுத்திருப்பதாகச் சொல்வாள், போனாளோ தெரியாது. கடைசியாகப் பேசியபோது குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. "அவனை வளந்தவனாவே எழுதப்போறன். எல்லாரும் செத்த அடுத்த நாள் காலமை அவன் எழும்பி என்ன சாப்பிட்டவன் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. அதிலை இருந்து தொடங்கிறன்" என்றாள். தொடங்கவில்லை. அந்தக் கிழமைதான் படியில் விழுந்தாள்.

பீலெஃபெல்டில் தகனம். அவளுடைய மாணவர்கள் கறுப்புடுத்து வரிசையாக நின்றார்கள். கிரியை செய்ய வந்த ஐயர் தர்ப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "ஆர் உரித்துக்காரர்?"

யாரும் அசையவில்லை. ஐயர் எங்கள் முகங்களைப் பார்த்தார். சகோதரம் இல்லையோ, சகோதரத்தின் பிள்ளைகள், பெறாமக்கள் இல்லையோ என்று மெல்லக் கேட்டார். ஒரு முழுக் குடும்பமும் இல்லை என்பதை எப்படி அவருக்குச் சொல்வது? என் கணவர் என்னைப் பார்த்தார். நான் முன்னே போனேன்.

"நான் ஐயா."

"நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

"சகோதரி."

பெண் செய்யலாமா என்று அவர் யோசித்தது தெரிந்தது. பிறகு தர்ப்பையை என் விரலில் போட்டுவிட்டார். இறந்துபோன அவள் வீட்டாரை நினைத்து எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லி, பெயர்களைக் கேட்டார். நான் தடுமாறவில்லை. இத்தனை வருடமாக அவள் சொல்லிச் சொல்லி எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அம்மா பரமேஸ்வரி, மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டா. அண்ணன் குணபாலன். அண்ணி சாந்தா, நன்றாகப் பாடுவா, ஆனால் ஆள் நின்றால் பாடமாட்டா. மூத்தவன் கஜன், இடக்கைப் பந்துவீச்சு. துளசி, முன்பல் விழுந்த படத்தை அத்தைக்கு அனுப்பக்கூடாது என்று சண்டை பிடித்தவள். கடைக்குட்டி நிலவன்; அத்தையைத் தொலைபேசியில் மட்டுமே தெரிந்தவன்.

இந்த உலகத்தில் இவர்களை ஒன்றாகச் சேர்த்து நினைக்க இனி வேறு ஆளில்லை. பவானி எனக்கு விட்டுப்போனது இவர்களைத்தான். ஒவ்வொருவராக வைத்திருக்கிறேன். இப்போது அவர்களோடு பவானியையும்.